மூன்றரை மணி மீன்

தாழ்வுபாடு, மன்னார்.
14.06.1998

சாஹுல் நானாவுக்குக் கொன்ஸ்ரன்ரைன் எழுதுவது.

எட்டு வருசத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் விலாசத்தைத் தந்தவர், புத்தளத்திலிருந்து தேங்காய் ஏற்றிவரும் லொறிக்கார இரத்தினம். நீங்கள் அங்கே இறால் பண்ணைகளின் குளிர் அறைகளைப் பார்க்கிறீர்களாம், இன்னும் ஓலைக் கொட்டிலில்தான் இருக்கிறீர்களாம். உம்மு ஸல்மா அக்காவுக்கு இழுப்பு வருத்தம் என்றும் சொன்னார். சுகம் விசாரிக்கிற உரிமை எனக்கு இருக்கிறதோ தெரியவில்லை, எண்டாலும் விசாரிக்கிறேன்.

விசயம் இதுதான். எங்கள் கரையில் இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெண்சாதிமார். கரையில் மீனை வாங்கி, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குளிர் அறையில் வைத்து, கொழும்புக்கு அனுப்புகிறார்கள். தலைவி செபஸ்தியம்மா. எண்பத்தாறில் நாங்கள் இரண்டு பேரும் பூட்டிய அறைதான் அது, நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். போன மாதம் அதன் கொம்பிரசர் இறுகிப்போய் நின்றுவிட்டது.

மார்கழிக்குள் அறை வேலை செய்யாவிட்டால் கட்டடத்தைச் சிங்கராசா முதலாளிக்குக் கொடுத்துவிடுவதாக ஊர்க் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். பிறகு இந்தப் பெண்கள் அவருடைய வாடியில் கூலிக்குக் கருவாடு காயப்போட வேண்டியதுதான்.

அறையைக் குளிரவைக்கும் பழைய 12 காஸ் கொழும்பிலேயே இப்போது அரிது. ஆகாயத்தில் ஏதோ படையை அது தின்கிறது என்று உலகமெல்லாம் நிற்பாட்டுகிறார்களாம். "22 போடும், நல்லாக் குளிரும்" என்கிறான் கடைக்காரன். எனக்குத் தெரிந்தது வயரும் வெல்டிங்கும். காஸும் கணக்கும் எப்போதும் உங்கள் பக்கம். நான் என்ன செய்ய?

மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

கொன்ஸ்ரன்ரைன்


புத்தளம்.
02.07.1998

கொன்ஸ்ரன்ரைன்,

உன் கடிதத்தைத் திறக்காமல் மூன்று நாள் அரிசி வாளியின் மேலே போட்டு வைத்திருந்தேன். நாலாம் நாள் ஸல்மா திறந்து வாசித்தாள். "அந்தப் பொம்பிளையளுக்காகத்தானே கேட்டிருக்கார், பதில் போடுங்க" என்றாள். ஆகவே இந்தப் பதில் அந்த இருபத்திரண்டு பேருக்கும். உனக்கு அல்ல.

கடைக்காரன் பேச்சைக் கேட்டு 12-இன் இயந்திரத்தில் 22-ஐ ஏற்றிவிடாதே. அதே பிஸ்டனில் 22 ஒன்றரை மடங்கு சூட்டை இழுக்கும். இழுக்கட்டுமே, நல்லதுதானே என்று நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? இழுத்த சூட்டை வெளியே தள்ள வேண்டிய கண்டென்சர் பழைய அளவு, மோட்டரும் பழைய அளவு. மன்னார் வெயிலில், உப்புக்காற்றில் தகடெல்லாம் உக்கிப்போன கண்டென்சரோடு அமுக்கம் ஏறி ஏறி, ஒரு மத்தியானம் மோட்டர் எரிந்து நாறும்.

134 என்று புதிது ஒன்று வந்திருக்கிறது. அதன் வலு ஏறக்குறைய 12-ஐப் போலத்தான். ஆனால் பழைய எண்ணெயோடு அது சேராது. எண்ணெய் போய் அறைக்குள் இருக்கும் குளிர்க் கொயிலில் தங்கிவிடும், கொம்பிரசர் காய்ந்து சாகும். உன்னுடையது எப்படியும் செத்துவிட்டது, ஆகையால் 134-க்கென்றே செய்ததை அதற்குரிய எண்ணெயோடு எடுப்போம். நீ குழாய்களைக் கழற்றி உள்ளே ஒரு சொட்டுப் பழைய எண்ணெய் இல்லாமல் ஊது. வால்வையும் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்று.

அறையின் அளவு, சுவரின் தடிப்பு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மீன், இவ்வளவும் எழுது. கதை வேண்டாம்.

காஸின் அமுக்கம் பார்க்கிற என்னுடைய கேஜ் யாரிடம்? நீலமும் சிவப்புமாய் இரட்டை வட்டம் உள்ளது. உனக்குத் தெரியும் எது என்று.

சாஹுல் ஹமீட்


தாழ்வுபாடு.
19.07.1998

நானாவுக்கு,

அறை நீளம் பன்னிரண்டு அடி, அகலம் எட்டு, உயரம் ஏழரை. சுவருக்குள் சூடு புகாமல் நாலு அங்குல ரெஜிபோம் அட்டை, நாங்கள் வைத்ததுதான், இன்னும் நனையவில்லை. மீன் நல்ல நாளில் எழுநூறு கிலோ. கதவு ரப்பர் மட்டும் புதிது. குழாய் மூன்று தரம் ஊதியாயிற்று, வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தேன், கறை இல்லை.

கேஜ் என்னிடம் இருக்கிறது. பத்திரமாய் இருக்கிறது.

கதை வேண்டாம் என்றீர்கள். இது கதை இல்லை: போன கிழமை தாராபுரம் பக்கம் போனேன். உங்கள் வளவில் கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. கிணற்றைத் தகரம் போட்டு மூடிவிட்டு வந்தேன், ஆடு விழும் என்று. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

நீங்கள் ஊரை விட்டுப் போன அந்த நாளைப் பற்றியும் எழுத வேண்டும் என்று இருந்து இருந்து, தாள் முடிகிறது.

கொன்ஸ்ரன்ரைன்


புத்தளம்.
08.08.1998

கொன்ஸ்ரன்ரைன்,

கணக்கு இத்துடன். கொம்பிரசரும் கண்டென்சரும் ஒரே சட்டத்தில் பூட்டியபடி இரத்தினத்தின் லொறியில் வருகிறது. ஒன்றரைக் குதிரைவலு, 134.

ஏன் ஒன்றரை என்று செபஸ்தியம்மா கேட்டால் சொல். வள்ளங்கள் விடிய ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை ஒவ்வொன்றாய்க் கரை தட்டும். மீன் இரவுக் குளிரோடு வரும், இருபத்தைந்து பாகைக்கு மேல் இராது. வரவர உள்ளே வைப்பீர்கள், பின்னேரம் லொறி ஏறும். அந்தச் சூட்டோடு சுவரால் வருவது, கதவு திறக்க வருவது, உள்ளே போகும் ஆளின் சூடு எல்லாவற்றையும் கூட்டி, நாளுக்குப் பதினாறு மணித்தியாலம் இயந்திரம் ஓடும் என்று பிரித்திருக்கிறேன். எட்டு மணித்தியாலம் அதற்கு ஓய்வு, கொயிலில் கட்டும் பனி உருகவும் நேரம் வேண்டும்.

எதற்கும் மூன்று குதிரைவலு போடுவோம் என்று உனக்கு நாக்கு ஊறும். போடாதே. கொயில் சின்னது. சின்னக் கொயிலில் பெரிய கொம்பிரசரைக் கட்டினால் அது அளவுக்கு மிஞ்சி இழுக்கும். கொயில் முழுக்கப் பனி பிடிக்கும், மீன் வறண்டு தோல் சுருங்கும். வேலை குறைந்த நேரத்தில் ஓடுவதும் நிற்பதும், ஓடுவதும் நிற்பதுமாய்க் கிடக்கும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் உங்கள் ஜெனரேற்றர் மூச்சு வாங்கும். சட்டை ஆளின் அளவுக்குத் தைக்க வேண்டும், வளர்வான் என்று தைக்க அவன் பள்ளிக்கூடப் பிள்ளையல்ல.

கிணற்றை மூடியது நல்லது. ஸல்மா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சாஹுல்


தாழ்வுபாடு.
30.08.1998

நானாவுக்கு,

பூட்டியாயிற்று. உங்கள் கேஜைப் போட்டுத்தான் காஸ் ஏற்றினேன். வெறும் அறை நாலு மணித்தியாலத்தில் இரண்டு பாகைக்கு வந்தது. செபஸ்தியம்மா உள்ளே போய் நின்று, தலைமுட்டாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்தா. ஒரு நல்ல சிரிப்பைப் பார்த்துக் கனகாலம்.

உங்களுக்கு எல்லாரும் நன்றி சொல்கிறார்கள். கணக்கைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் சரி என்றுதான் நினைக்கிறேன்.

கொன்ஸ்ரன்ரைன்


தாழ்வுபாடு.
21.09.1998

நானா,

நல்ல செய்தி எழுதத்தான் விருப்பம். வலையில் பாரை மீன் பட்டது, மூன்று நாள் அடுத்தடுத்துப் பட்டது. மூன்றாம் நாள் காலையில் அறையின் வெப்பமானி பதினொன்று காட்டியது. இயந்திரம் இரவு பகல் ஒரு நிமிசம் நிற்கவில்லை, பாவம், தன்னால் ஏலுமானதைச் செய்தது. கீழே இருந்த ஐந்நூறு கிலோவைப் பெண்கள் கடற்கரையில் கிடங்கு வெட்டித் தாட்டார்கள்.

செபஸ்தியம்மா சத்தம் போடவில்லை. கதவடியில் நின்றுகொண்டு, "ஏன் மோனே, இது குளிர் அறையோ குசினியோ?" என்று மட்டும் கேட்டா. அதைவிட அவ என்னை ஏசியிருக்கலாம்.

சிங்கராசா முதலாளி நேற்றே நாடாவோடு வந்து கட்டடத்தை அளந்துவிட்டுப் போனார். இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

கொன்ஸ்ரன்ரைன்


புத்தளம்.
05.10.1998

கொன்ஸ்ரன்ரைன்,

என் கணக்கில் பிழை இல்லை. இருபது வருசத்தில் என் கணக்குப் போட்ட அறையில் ஒரு மீன் பழுதாகியதில்லை. நீ எங்கேயோ ஓட்டை விட்டிருக்கிறாய், அல்லது கதவைத் திறந்துபோட்டுக் கதை பேசுகிறீர்கள், அல்லது காற்றாடி மறுபக்கம் சுற்றுகிறது. இயந்திரம் ஓடும்போது நீலக் கேஜ் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, கொம்பிரசருக்குத் திரும்பும் குழாய் கையில் குளிர்கிறதா என்று பார்த்து எழுது. மழுப்பாதே.

ஊரிலே இல்லாதவன் போட்ட கணக்கு இப்படித்தான் இருக்கும் என்று அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள். நீ எழுதவில்லை. சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே எங்களை அகதி என்கிறார்கள், அங்கே புத்தளத்தான் என்பார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஒருவன் எண்ணைக் கூட்டிக் கழிப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியுமா?

சாஹுல்


தாழ்வுபாடு.
18.10.1998

சாஹுல் நானாவுக்கு,

நீலக் கேஜ் இருக்க வேண்டியதற்கு மேலேயே நிற்கிறது, இறங்கமாட்டேன் என்கிறது. சிவப்பும் கொஞ்சம் கூட. திரும்பும் குழாய் குளிரவில்லை. ஓட்டை இல்லை, சவர்க்கார நுரை போட்டு ஒவ்வொரு மூட்டாய்ப் பார்த்தேன். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை, உள்ளே வரும் சூடுதான் அதன் வலுவுக்கு மேல்.

உங்கள் கணக்கிலும் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பிழை முதல் வரியில். அந்தப் பிழையை நான் கண்டேன், கண்டுகொண்டே பேசாமல் இருந்தேன்.

வள்ளங்கள் இப்போது விடிய ஐந்து மணிக்கு வருவதில்லை நானா. கரை இப்போது நேவியின் கையில், இரவில் கடலுக்குப் போக விடுவதில்லை. காலை ஆறு மணிக்குப் பாஸைக் காட்டி இறங்கி, நாலு மணிக்கு முன்னர் எல்லாரும் கரைக்கு வந்துவிட வேண்டும். மூன்றரை மணிக்கு எல்லா வள்ளமும் ஒன்றாய் வந்து குவியும். மீன் வெயிலில் கிடந்து முப்பத்துமூன்று, முப்பத்துநாலு பாகையில் வரும். அதை ஒரே மணித்தியாலத்தில் உள்ளே கொட்டுவோம். லொறியும் அன்றைக்கே போவதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை, சேர்ந்து போகும் லொறிகளோடுதான் போகலாம். ஆறிக்கிடக்கும் நேற்றைய மீனின் மேலே இன்றைய சூடு ஏறும்.

உங்கள் தாளில் அந்த வரியை வாசித்தபோதே எனக்குத் தெரிந்தது. நீங்கள் அதை என்னிடம் கேட்கவில்லை, தெரிந்த விசயமாய் எழுதியிருந்தீர்கள். இப்போது இங்கே அப்படி இல்லை என்று நான் எழுதினால், இது இனி உங்கள் கரை இல்லை என்று சொன்னமாதிரி ஆகிவிடும் என்று பட்டது. ஒருதரம் உங்களை இந்தக் கரையிலிருந்து அனுப்பியாயிற்று, இரண்டாம் தரம் என் கையெழுத்தில் வேண்டாம் என்று விட்டேன். எப்படியாவது இழுத்துவிடும், சாஹுல் நானாவின் கணக்கெல்லோ என்று என்னையே ஏமாற்றினேன். அந்த மரியாதையைத்தான் பெண்கள் கிடங்கு வெட்டித் தாட்டார்கள்.

சொல்லத் தொடங்கியதை முடித்துவிடுகிறேன். எட்டு வருசத்துக்கு முந்தி, இதே ஐப்பசிதான். வீடு வாசலை விட்டுவிட்டுப் போங்கள் என்று இயக்கம் உங்கள் முஸ்லிம் சனத்துக்குச் சொல்லி, நீங்கள் எல்லாரும் குழந்தை குட்டிகளோடு வள்ளத்துக்காகக் கரையில் மழைக்குள் நின்ற நாள். நான் வரவில்லை. உங்கள் கேஜை ஒளித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் வரவில்லை என்று எழுதித் தப்பலாம் என்று பலமுறை யோசித்தேன். அது பொய். கேஜை முதல்நாளே பழைய பிரிட்ஜ் ஒன்றின் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள்தான் இருந்தேன், யன்னலையும் சாத்திக்கொண்டு. பயத்தில் வரவில்லை. வேறு ஒரு காரணமும் இல்லை.

இனி நீங்கள் எழுதாவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இருபத்திரண்டு பேருக்காகவாவது சரியான எண்ணைத் தாருங்கள்.

கொன்ஸ்ரன்ரைன்


புத்தளம்.
04.11.1998

தம்பி கொன்ஸ்ரன்ரைனுக்கு,

நீ பயந்தாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். துவக்கோடு ஆட்கள் நின்ற இடத்தில் யார்தான் பயப்படவில்லை? நான் பயப்படவில்லையா? எட்டு வருசம் ஒரு வரி எழுதாமல் இருந்தாயே, அதுதான் என்னை அறுத்துக்கொண்டிருந்தது. இப்போது எழுதிவிட்டாய். அதை இத்தோடு விடு.

மீனுக்கு வருவோம். உன் வாய் செய்த பிழை பாதி, என் வாய் செய்தது மற்றப் பாதி. எந்த அறைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது மீன் எத்தனை மணிக்கு வரும் என்றுதான். இங்கே இறால் பண்ணைக்காரனிடம் கேட்கிறேன், ஐஸ்கிறீம் கடைக்காரனிடம்கூடக் கேட்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை. நான் பிறந்த கடலைப் பற்றி நான் ஏன் இன்னொருவனைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம். கடல் நான் வரும்வரை அப்படியே நிற்கும் என்று நினைத்திருக்கிறேன், பார். விடிய ஐந்து மணி என்று எழுதும்போது அந்தக் கரையைக் கண்ணால் கண்டுகொண்டுதான் எழுதினேன். கண்டது எண்பத்தொன்பதாம் வருசக் கரை.

இரண்டு நாள் இருந்து புதிதாய்ப் பார்த்தேன். மூன்றரை மணி மீனுக்குப் பின்னேரம் ஏறக்குறைய மூன்று குதிரைவலு வேண்டும். ஆனால் காலையில், மீன் ஆறியபிறகு, அதில் பாதியும் தேவையில்லை. ஆகவே இப்போதும் சொல்கிறேன், ஒற்றைப் பெரியது வேண்டாம். பூட்டிய ஒன்றரையைக் கழற்றாதே. அது நல்ல பிள்ளை, தனியாய் அகப்பட்டுக்கொண்டது, அவ்வளவுதான். அதன் பக்கத்தில் இன்னொரு ஒன்றரையை வைப்போம். இரண்டையும் ஒரு குழாயில் கட்டாதே, ஒன்றின் எண்ணெய் மற்றதுக்குப் போய் ஒன்று காய்ந்துவிடும். தனிக் குழாய், தனிக் கொயில். பின்னேரம் மூன்று மணிக்கு ஒன்றைத் தொடங்கு, ஐந்து நிமிசம் விட்டு மற்றதைத் தொடங்கு, ஜெனரேற்றர் தாங்கும். அறை இரண்டு பாகைக்கு வந்தபிறகு ஒன்று படுக்கட்டும், மற்றது காவல் இருக்கட்டும். ஒருநாள் ஒன்று பழுதாய்ப் போனாலும் அறை முழுக்கச் சாகாது.

வள்ளத்திலேயே மீனை ஈரச்சாக்கால் மூடச் சொல். அறைக்குள் கும்பலாய்க் கொட்ட வேண்டாம் என்று செபஸ்தியம்மாவிடம் சொல், தட்டுத்தட்டாய்ப் பரப்ப வேண்டும். கும்பலுக்கு நடுவில் கிடக்கும் மீனுக்குக் குளிர் போய்ச்சேர மறுநாளாகும்.

எழுதியது போதும். இரண்டாவது இயந்திரத்தையும் கொயிலையும் நானே கொண்டு வாறன். உள்ளே வருகிற அனுமதிக்கு மனுக் கொடுத்தேன். போகும் காரணம் என்ற இடத்தில், சொந்த ஊர் என்று எழுதினேன். கந்தோரில் இருந்தவர் அதை வெட்டிவிட்டுக் குளிர் இயந்திரத் திருத்தம் என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஐந்து நாள் தந்திருக்கிறார்கள். வேலைக்கு மூன்று நாள் போதும். மற்ற இரண்டு நாளும் தாராபுரத்தில் கிணற்றை இறைக்க வேண்டும் என்று ஸல்மாவின் உத்தரவு.

19ஆம் திகதி வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருவேன். சாமான் பாரம், ஒருவனால் தூக்க ஏலாது. அன்றைக்கு வராதவன் இன்றைக்கு வா.

சாஹுல் நானா


பாலத்தடி, மன்னார்.
19.11.1998, காலை பத்தரை

நானா,

இந்தத் துண்டைப் பஸ் கொண்டக்டர் உங்களிடம் தருவார். ஏழு மணியிலிருந்து பாலத்தின் இந்தப் பக்கம் நிற்கிறேன். முதல் பஸ்ஸில் நீங்கள் இல்லை. உங்களையும் பெட்டியையும் பாலத்துக்கு அந்தப் பக்கம், தள்ளாடி என்ற இடத்து ஆமிச் சாவடியில் இறக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே என்ன என்று கேட்கிறார்கள் என்று கொண்டக்டர் சொன்னார். மீன் அறையின் இயந்திரம் என்று செபஸ்தியம்மா சங்கத்தின் கடிதத்தைச் சிங்களத்திலும் எழுதுவித்துத் தந்தவ. அதை இத்துடன் வைத்திருக்கிறேன், காட்டுங்கோ.

இங்கே காவலில் நிற்கிற ஆமிக்காரன் இரண்டு தரம் வந்து என்னைப் போகச் சொன்னான். மூன்றாம் தரம் என் அடையாள அட்டையை வாங்கித் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டி என்னவென்று கேட்டான். பிரித்துக் காட்டினேன். நீலமும் சிவப்பும். ஆருடையது என்று கேட்டான். அந்தப் பக்கம் நிற்கிறாரே, அவருடையது, அவர் இந்த ஊர்க்காரர் என்று சொன்னேன்.

பயமாகத்தான் இருக்கிறது நானா. போகமாட்டேன். மீன் வர மூன்றரை மணியாகும், நேரம் கிடக்கிறது.

கொன்ஸ்ரன்ரைன்